டிராக்டருக்குப் பழைய வண்டி ஹெட்லைட்: ஜோடி சேராத விளக்குகளுக்கு வயரிங் செய்யும் முறை

குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ அறுவடை முடிந்த கையோடு கும்பப்பூவுக்கு வயலைத் தயார் செய்தாக வேண்டும். இரண்டு பூவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் குறைவு. கால்வாயில் தண்ணீர் வரும் முறையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் நடவையும் முடிக்க வேண்டும். ஆகையால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் அந்த நாட்களில் டிராக்டருக்கு ஓய்வு இருப்பதில்லை. பகலில் ஒருவர் வயல், இரவில் இன்னொருவர் வயல் என்று தொளி உழவு நடக்கிறது. நடுச்சாமத்தில் வேலை முடிந்ததும் அதே டிராக்டர் கால்வாய்க்கரைச் சாலையிலும், சில இடங்களில் தேசிய நெடுஞ்சாலையிலும் ஏறி வீடு திரும்புகிறது.

அப்படித் திரும்பும் டிராக்டர்கள் பலவற்றில் இரண்டு ஹெட்லைட்டுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று டிராக்டருடன் வந்தது. மற்றது வரப்பிலோ தென்னையிலோ மோதி உடைந்தபின், ஆக்கர் கடையில் கிடைத்த பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி அல்லது ஜீப்பிலிருந்து கழற்றிப் பொருத்தியது. ஏழு அங்குல வட்ட விளக்கு பல வண்டிகளுக்கும் பொதுவாக இருந்ததால் ஓட்டில் அது அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் ஓட்டில் உட்காருவது வேறு, மின்சாரத்தில் ஒத்துப்போவது வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் பல்பு அடிக்கடி போகும், வயர் சூடேறும், பாட்டரி இறங்கும். எல்லாவற்றையும்விட மோசம், எதிரே வருபவருக்கு டிராக்டர் சரியாகத் தெரியாமல் போவது.

ஒற்றை விளக்கின் ஆபத்து

டிராக்டரின் வலது பக்க விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எதிரே வரும் பஸ் டிரைவரின் கண்ணுக்கு இடது பக்க விளக்கு மட்டுமே தெரிகிறது. இருட்டில் அதை அவர் மோட்டார் சைக்கிள் என்று எண்ணி, அதற்குத் தேவையான இடத்தை மட்டும் விட்டு வருவார். ஆனால் அந்த விளக்குக்கு வலப்புறம் டிராக்டரின் பாதி உடலும், அதைவிட வெளியே நீட்டிய பின் சக்கரமும், அதற்கும் பின்னால் டிரெய்லரும் இருக்கின்றன. அருகில் வந்த பிறகுதான் அவருக்கு உண்மை தெரியும். கால்வாய்க்கரையில் ஒதுங்க இடமும் இருக்காது.

இரண்டு விளக்கும் எரிந்தாலும் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் ஏறக்குறைய இதே நிலைதான். பிரகாசமான விளக்கு கண்ணைக் கூசச் செய்து, பக்கத்தில் உள்ள மங்கல் விளக்கை மறைத்துவிடும். எனவே ‘எரிந்தால் போதும்’ என்ற எண்ணத்தை விட வேண்டும். இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் எரிய வேண்டும்.

முதலில் வோல்ட்டைப் பார்க்க வேண்டும்

இப்போதுள்ள டிராக்டர்களும் கார்களும் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரியில் ஓடுகின்றன. ஆனால் பழைய சாமான்களில் மூன்று வகை கலந்திருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப், பழைய ராஜ்தூத், பழைய புல்லட் போன்றவற்றில் 6 வோல்ட் இருந்தது. பெரிய லாரி, பஸ்களில் பல 24 வோல்ட்.

6 வோல்ட் பல்பை 12 வோல்ட் டிராக்டரில் போட்டால் பளீரென்று எரிந்து உடனே அறுந்துவிடும். 24 வோல்ட் பல்பைப் போட்டால் அறுந்து போகாது. ஆனால் சிவந்த நிறத்தில், தீக்கங்கு போல எரியும். பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் பாதியாகக் குறைந்தால் வெளிச்சமும் பாதி ஆகும் என்று நினைக்கக் கூடாது. வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. துருப்பிடித்த இணைப்பும் மெல்லிய வயரும் செய்யும் கேடு இதனால்தான் விளங்கும்.

வோல்ட்டும் வாட்டும் பல்பின் அடித்தட்டில் எழுதப்பட்டிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் அந்தப் பல்பை வாங்காமல் இருப்பதே லாபம். விளக்கு ஓடு பழையதாக இருக்கலாம். பல்பு புதியதாக, ஜோடியாக வாங்க வேண்டும்.

பல்பின் இருக்கை

பழைய ஏழு அங்குல விளக்குகளில் பெரும்பாலும் 45/40 வாட் பல்பு இருக்கும். 45 என்பது பிரைட்டுக்கு, 40 என்பது டிம்முக்கு. இதன் அடித்தட்டுக்கு பி-45-டி என்று பெயர். 1971-ல் ஐரோப்பாவில் அறிமுகமான எச்-4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். இதன் அடித்தட்டு பி-43-டி. இரண்டுக்கும் பின்னால் மூன்று தகட்டு முனைகள் இருப்பதால் ஒரே பிளக் இரண்டிலும் ஏறும். அடித்தட்டின் அளவும் காதுகளும் மட்டும் வேறு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எச்-4 பல்பின் காதுகளை அரத்தால் ராவியோ, சுத்தியலால் தட்டியோ பழைய விளக்கில் திணித்துவிடுகிறார்கள். பல்பின் இழை, கண்ணாடிக்குப் பின்னாலுள்ள பிரதிபலிப்புக் கிண்ணத்தின் சரியான புள்ளியில் நிற்க வேண்டும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒளி சிதறிவிடும். சாலையில் விழவேண்டிய வெளிச்சம் மேலே போய் எதிரே வருபவர் கண்ணில் விழும். ஓட்டுபவருக்கோ சாலை தெரியாது. பல்பு எந்த வகையோ அந்த வகைக்கான விளக்குதான் பொருத்தமானது. ஒரு பக்கம் பி-45-டி, மறுபக்கம் எச்-4 என்று அமைந்துவிட்டால், ஏதேனும் ஒரு பக்கத்தின் விளக்கை மாற்றி இரண்டையும் ஒரே வகையாக்கிக்கொள்ள வேண்டும்.

எச்-4 பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. கை எண்ணெய் படிந்த இடம் அதிக சூடாகி, பல்பு விரைவில் கெட்டுவிடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து உலரவிட்ட பிறகே பொருத்த வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம். அங்கிருந்து வந்த விளக்கு, அல்லது அங்கு ஓடிய வண்டியின் விளக்கு, சில வேளை குறைந்த விலைக்குக் கிடைக்கும். அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கமாகச் செல்கின்றன; நம் நாட்டில் இடது பக்கம். டிம் வெளிச்சம் சாலை ஓரத்தை நோக்கிச் சற்று உயர்ந்து விழும்படி விளக்கின் கண்ணாடி அமைக்கப்பட்டிருக்கும். அங்கத்திய விளக்கை இங்கே பொருத்தினால் அந்த உயர்ந்த பகுதி நேரே எதிர் வண்டிக்காரர் முகத்தில் அடிக்கும். ஐரோப்பிய முறைப்படி முத்திரையிட்ட விளக்காக இருந்தால் கண்ணாடியில் ஓர் அம்புக்குறியைத் தேட வேண்டும். விளக்கை முன்னால் நின்று பார்ப்பவரின் வலது கைப் பக்கம் அம்பு காட்டினால் அது இடது பக்கப் போக்குவரத்துக்கு உரியது. இரு பக்கமும் காட்டும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் உரியது. அத்தகைய முத்திரையுள்ள விளக்கில் அம்பே இல்லை என்றால் அது வலது பக்கப் போக்குவரத்துக்கு உரியது, இங்கே உதவாது.

வயர் நிறத்தை நம்பலாமா?

வயரின் நிறம் ஒரு குறிப்புதான், சாட்சி அல்ல. பிரிட்டிஷ் முறையில் அமைந்த வண்டிகளில் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு, கறுப்பு எர்த்துக்கு. பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வரும் வயர்; சாவியை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஜெர்மன் முறையிலோ வெள்ளை பிரைட்டுக்கு, மஞ்சள் டிம்முக்கு, பழுப்பு எர்த்துக்கு.

ஆக ஒரு முறையில் எர்த்தாக இருக்கும் பழுப்பு, மறுமுறையில் எப்போதும் உயிருள்ள வயர். ஜெர்மன் முறை வண்டியிலிருந்து வயரோடு கழற்றிய விளக்கை, பிரிட்டிஷ் முறை டிராக்டரில் ‘பழுப்புக்குப் பழுப்பு’ என்று சேர்த்தால் விளக்கின் எர்த் முனைக்குப் பாட்டரி மின்சாரம் போய்விடும். அந்த முனை விளக்கு ஓட்டையும் தொட்டிருந்தால் முழு மின்சாரமும் உடலுக்குப் பாயும். பியூஸ் இல்லாத வயராக இருந்தால் அது பழுத்து உருகும். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் பின்னால் நிற்கும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது தவிர, பழைய வண்டியில் எத்தனை கைகள் எத்தனை நிற வயர்களைச் சேர்த்திருக்கும் என்பதும் தெரியாது. ஆகவே சோதித்தே தீர வேண்டும்.

மூன்று முனைகளைக் கண்டறியும் எளிய முறை

ஹெட்லைட் பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு: ஒன்று பிரைட், ஒன்று டிம். இரண்டுக்கும் ஒரு முனை பொது, அதுதான் எர்த். மீதி இரண்டும் தனித்தனி. எது பொது முனை என்பதை ஒரு 12 வோல்ட் பாட்டரியும் இரண்டு வயர்களும் கொண்டு கண்டுவிடலாம். பாட்டரியிலிருந்து வரும் ஒரு வயரில் 10 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று முனைகளுக்கும் 1, 2, 3 என்று அடையாளம் இட வேண்டும். பிறகு 1-2, 2-3, 1-3 என்று இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒரு தடவை மட்டும் இரண்டு இழைகளும் ஒருசேர, மங்கலாக எரியும். அப்படி மங்கலாக எரியும்போது மின்சாரம் ஓர் இழை வழியாகப் போய் மற்ற இழை வழியாகத் திரும்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பாதி வோல்ட்தான் கிடைக்கிறது. அந்த நேரத்தில் தொட்ட இரண்டு முனைகளே பிரைட்டும் டிம்மும். தொடாமல் விட்ட மூன்றாவது முனை எர்த்.

அடுத்து எர்த் முனையைப் பாட்டரியின் ஒரு முனையில் சேர்த்துவிட்டு மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பல்பைக் கையில் வைத்துப் பார்த்தால், அடியில் சிறு உலோகக் கிண்ணம் உள்ள இழை டிம். கிண்ணம் இல்லாதது பிரைட். கழற்ற முடியாத ஒரே கூடான விளக்காக இருந்தால் மாலை நேரத்தில் சுவரில் அடித்துப் பார்க்கலாம். வெளிச்சம் தாழ்ந்து விழுவது டிம்.

இதேபோல் டிராக்டர் பக்க வயர்களையும் சோதனை விளக்கால் பார்க்க வேண்டும். சுவிட்சை டிம்மில் வைத்தபோது எந்த வயரில் மின்சாரம் வருகிறது, பிரைட்டில் எதில் வருகிறது, எதில் எப்போதும் வருகிறது என்பதைக் கண்டு, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. சோதனை முடிந்ததும், இணைப்பு வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

எர்த் எந்தப் பக்கம்?

இப்போதைய வண்டிகளில் பாட்டரியின் நெகட்டிவ் முனை உடலுடன் சேர்ந்திருக்கும். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே உடலுடன் சேர்ந்திருந்தது. மிகப் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் பாட்டரியின் எந்த முனையிலிருந்து வயர் உடலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண இழைப் பல்புக்கு இதில் வேறுபாடு கிடையாது. எந்தத் திசையில் மின்சாரம் போனாலும் எரியும். ஆனால் எல்.இ.டி. விளக்கு, மின்னணு பிளாஷர், டயோடு உள்ள ரிலே ஆகியவை திசை மாறினால் வேலை செய்யா. சில கெட்டும் போகும். ஆம்மீட்டர் தலைகீழாகக் காட்டும்.

எர்த் போனால் என்ன நடக்கும்?

ஹெட்லைட் கோளாறுகளில் பெரும்பகுதி எர்த் கோளாறுதான். பல டிராக்டர்களில் விளக்குக்குத் தனி எர்த் வயர் கிடையாது. விளக்கின் ஓடு, அதைத் தாங்கும் பட்டை, பானெட் என்று தகரத்தின் வழியாகவே மின்சாரம் திரும்புகிறது. வேறு வண்டியின் விளக்கைப் பொருத்தும்போது இடையில் ரப்பர் வாஷர் வரும். புதுப் பெயின்ட் வரும். மணக்குடி, குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் துருவும் சேரும். எர்த் அறுந்துவிடும்.

அப்போது விளக்கு அடியோடு அணைந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது அணைவதில்லை. உதாரணமாக வலது விளக்கின் எர்த் போய்விட்டது, சுவிட்ச் டிம்மில் இருக்கிறது. மின்சாரம் வலது டிம் இழைக்குள் வருகிறது. எர்த் இல்லாததால் அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பிரைட் வயரில் ஏறி, இடது விளக்கின் பிரைட் இழை வழியாக அங்குள்ள எர்த்தில் இறங்குகிறது. விளைவு, வலது விளக்கு மங்கலாகச் சிவந்து எரியும். டாஷ்போர்டிலுள்ள நீல நிற பிரைட் அடையாள விளக்கும், டிம்மில் இருக்கும்போதே லேசாக மினுங்கும். இந்த மினுங்கலைக் கண்டால் பல்பைக் குறை சொல்லாமல் எர்த்தைத் தேட வேண்டும்.

இன்னொரு கோளாறு இதைவிடத் தந்திரமானது. பிளக்கில் எர்த் வயரும் பிரைட் வயரும் இடம் மாறிவிட்டால், பிரைட்டில் போடும்போது அந்த விளக்கு நன்றாகவே எரியும். ஏனெனில் அந்த இழைக்குள் மின்சாரம் எதிர்த்திசையில் போகிறது, அவ்வளவுதான். டிம்மில் போட்டால்தான் இரண்டு இழைகளும் சேர்ந்து மங்கும். ஒர்க்‌ஷாப்பில் பகல் வெளிச்சத்தில் பிரைட்டை மட்டும் போட்டுப் பார்த்து ‘சரி’ என்று அனுப்பிவிடுவார்கள். அன்று இரவு, எதிர் வண்டிக்காக டிம் செய்யும் நேரத்தில் குறை வெளிப்படும். ஆகவே வேலை முடிந்ததும் பிரைட், டிம் இரண்டையும் போட்டு, இரண்டு விளக்குகளையும் முன்னால் நின்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

சுவிட்சுக்குச் சுமை அதிகம்

45 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 7.5 ஆம்பியர். எச்-4 பல்பில் 60 வாட் இழை 5 ஆம்பியர். இரண்டுக்கும் 10 ஆம்பியர். பழைய டிராக்டரின் சுவிட்சும் வயரும் முதல் கணக்குக்குச் செய்யப்பட்டவை. இரண்டாவது கணக்கை அவற்றின் மேல் ஏற்றினால் சுவிட்ச் சூடேறி உள்ளே கருகும். வயரில் வோல்ட் குறைந்து வெளிச்சமும் போகும். அதிகச் செலவில் பெரிய பல்பு போட்டும் பழைய வெளிச்சமே வருகிறது என்று சிலர் குறைப்படுவது இதனால்தான். கடைகளில் கிடைக்கும் 100/90 வாட் பல்பு இன்னும் கேடு. ஒரு ஜோடிக்கு 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஹோல்டரை உருக்கும், கிண்ணத்தின் பூச்சை உரிக்கும். அது சாலைக்கு ஏற்றதல்ல.

எச்-4 போடுவதாக இருந்தால் ரிலே வைத்தே செய்ய வேண்டும். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் தேவை. ரிலேயில் நான்கு எண்கள் இருக்கும். 30 என்ற முனைக்கு, பாட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயர் வர வேண்டும். 87 என்ற முனையிலிருந்து விளக்குகளுக்கு வயர் போக வேண்டும். 86-க்குப் பழைய சுவிட்ச் வயர், 85-க்கு எர்த். இப்படிச் செய்தால் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயை இயக்கும் சிறு மின்சாரம் மட்டுமே.

பாட்டரியிலிருந்து ரிலே வரை 4 சதுர மில்லிமீட்டர் வயரும், ரிலேயிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும், விளக்கிலிருந்து எர்த்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் போதுமானவை. பாட்டரிக்கு அருகிலேயே 20 ஆம்பியர் முதன்மைப் பியூஸ் வைக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கின் பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனியே 10 ஆம்பியர் பியூஸ் வைத்தால், ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் மறுபக்கம் எரிந்துகொண்டிருக்கும். பியூஸ் போனால் வெள்ளித்தாளையோ வயர்த் துண்டையோ சுற்றிப் போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டில் இறுக்கிக் கிரீஸ் தடவ வேண்டும். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது மழைக்கும் தொளிக்கும் தாங்காது. கிரிம்ப் செய்த முனைகளே நல்லவை. ரேடியேட்டர் விசிறி, சைலன்சர் ஆகியவற்றிலிருந்து விலக்கிக் குழாய்க்குள் வயரைக் கொண்டுபோக வேண்டும்.

டைனமோ தாங்குமா?

பெரிய பல்பு வாங்குமுன் டைனமோவின் தகட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு ஹெட்லைட் 120 வாட், பின்னால் உழவு விளக்கு 55 வாட், மற்றச் சிறு விளக்குகள் 20 வாட் என்றால் மொத்தம் 195 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16 ஆம்பியர். தகட்டில் 11 ஆம்பியர் என்று இருந்தால் மீதி 5 ஆம்பியரைப் பாட்டரிதான் தர வேண்டும். இரவு முழுவதும் உழுதால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. 45 வாட் பல்பானாலும் 13 ஆம்பியருக்கு மேல் வரும். அத்தகைய டிராக்டரில் 45/40 பல்பே வைத்துக்கொண்டு, வயலில் உழவு விளக்கைத் தேவையானபோது மட்டும் போடுவது நல்லது. பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் தரும் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்.இ.டி. பல்பு குறைந்த மின்சாரத்தில் எரியும் என்பது உண்மை. ஆனால் இழைப் பல்புக்காகச் செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சரியான இடத்தில் குவியாமல் சிதறக்கூடும். எல்.இ.டி. வேண்டுமென்றால் வயலுக்கான வேலை விளக்காகத் தனிச் சுவிட்சில் வைத்துக்கொள்ளலாம். சாலையில் ஏறியதும் அதை அணைத்துவிட வேண்டும்.

கடைசியாக இரண்டு சோதனைகள்

முதல் சோதனை வோல்ட். எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரி பாசிட்டிவிலும், மற்றதை விளக்கின் எரியும் முனையிலும் வைக்க வேண்டும். பிறகு பாட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே பார்க்க வேண்டும். இரண்டு அளவையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இரண்டு விளக்குகளுக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகக் காட்டினால் அந்தப் பக்கத்து இணைப்பில் துருவோ தளர்வோ உண்டு. மேலே கண்டது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் முனைகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சோதனை உயரம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதபடி ஹெட்லைட் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கின்றன. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணையே அவை அளவாகக் கொள்கின்றன. களத்துச் சுவருக்கு 8 மீட்டர் தள்ளிச் சமதரையில் டிராக்டரை நிறுத்தி, டிம்மைப் போட்டு இதைப் பார்க்கலாம். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட ஒரு சாண் அளவுக்குள் சற்றுத் தாழ்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் விழ வேண்டும்.

இந்தச் சோதனையை வெறும் டிராக்டரில் செய்து பயனில்லை. பின்னால் கலப்பையைத் தூக்கினாலும், சுமை ஏற்றிய டிரெய்லரை மாட்டினாலும் டிராக்டரின் மூக்கு சற்று உயரும். அதோடு வெளிச்சமும் உயரும். வழக்கமாக இரவில் எந்தச் சுமையுடன் சாலையில் போகிறதோ அந்தச் சுமையை மாட்டியே விளக்கைச் சரிசெய்ய வேண்டும்.

வழியில் ஒரு விளக்கு போய்விட்டால், பக்குவமான இடத்தில் ஒதுக்கி நிறுத்திவிடுவதே மேல். ஒதுக்கவே இடம் இல்லாத கரையில், நல்ல பல்பை வலது பக்கத்துக்கு மாற்றிப் போட்டு, மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடம் சேரலாம். வண்டியின் அகலம் எதிரே வருபவருக்குத் தெரிய வேண்டியது அந்தப் பக்கத்தில்தான். டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும், சிவப்புப் பிரதிபலிப்பான்களும் இருக்கின்றனவா என்பதையும் அன்றாடம் பார்க்க வேண்டும். முன்னால் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் பின்னால் வருபவருக்கு அது உதவாது.

கும்பப்பூ உழவு தொடங்குமுன், கலப்பைக் கொழுவைத் தட்டிச் சரிசெய்வதுபோல, விளக்குக்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும். ஒரு ஜோடி பல்பு, இரண்டு ரிலே, சில பியூஸ், சில மீட்டர் வயர் ஆகியவற்றின் விலை, ஓர் இரவு உழவு நின்றுபோவதால் வரும் நஷ்டத்தைவிட அதிகமாகாது. சாலையில் போகும் உயிருக்கோ விலையே கிடையாது.